சர்க்யூட் போர்டு ரிப்பேர் வேலைக்கு எந்த மைக்ரோஸ்கோப் வாங்கலாம்?

குளச்சலில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதிகம் வருவது படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ் செட். உப்புக்காற்று பட்டு ஐசி கால்களுக்கிடையே பச்சை பூத்து டிராக் (போர்டில் உள்ள செம்புக் கோடு) அறுந்திருக்கும். அந்த இடத்தைச் சுரண்டி, முடி மாதிரி ஜம்பர் வயர் வைக்க வேண்டும். பக்கத்திலேயே 0402 சைஸ் ரெசிஸ்டர், 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம்தான்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய 1080பி யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் கை அசைந்த பிறகுதான் படம் அசைகிறது. ஆழம் தெரியாததால் சால்டர் முனை தள்ளிப்போய் விழுகிறது. கேபிள் மாற்றினேன், ரெசல்யூஷனைக் குறைத்தேன், நல்ல கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். தலையில் மாட்டும் லென்ஸ் ஜம்பர் வேலைக்குப் பற்றாது.

அப்புறம் மார்த்தாண்டத்தில் நண்பரின் 7–45 மடங்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் (இரு கண்ணாலும் பார்ப்பது) வேலை செய்து பார்த்தேன். ஆழம் அருமையாகத் தெரிகிறது, ஆனால் லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளிதான். ஹாட் ஏர் பிடிக்க முடியவில்லை, ஃப்ளக்ஸ் புகையும் லென்ஸில் அப்பிக்கொள்கிறது. அடியில் கூடுதலாக மாட்டும் 0.5 பார்லோ லென்ஸ் போட்டால் இடைவெளி கூடும், ஆனால் உருப்பெருக்கம் 3.5–22.5 ஆகப் பாதியாகிவிடும்.

பட்ஜெட் 25,000 ரூபாய். ஜூன் 1-இல் தடைக்காலம் தொடங்கினால் வேலை குவிந்துவிடும், அதற்குள் வாங்க வேண்டும்.

பார்லோ போட்ட ஸ்டீரியோவில் வேலை செய்பவர்களே, 0402-க்கும் ஜம்பருக்கும் அந்த 22.5 மடங்கு போதுமா?