மறு: ‘ஃபண்டட் டெட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். 1690களில் இங்கிலாந்து அரசு வாங்கிய ‘ஃபண்டட் டெட்’ (funded debt) என்ற கடன்வகைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில்.

> ‘நிதிக்கடன்’ போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் படிப்பவர் அதை நிதித்துறை வாங்கிய ஏதோ ஒரு கடன் என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே ‘ஃபண்ட்’ என்பது கடனாக வந்த பணமே அல்ல. வட்டி கட்டுவதற்கென்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒதுக்கி வைத்த வரி வருமானம். 1690களின் இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது இது விட்டுப்போனால் கதையே மாறிவிடும்.

1672-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் கஜானாவிலிருந்து கடன் திருப்பித் தருவதை நிறுத்தினார். மாட்டிக்கொண்டவர்கள் வட்டித்தொழில் செய்த லண்டன் பொற்கொல்லர்கள். சுமார் 13 லட்சம் பவுண்டு முடங்கியது. அது அரசர் கடன். அவர் கையை விரித்தால் கேட்க நாதியில்லை. 

பிரான்சின் பதினான்காம் லூயியோடு போரிடப் பின்னால் வந்த அரசர் மூன்றாம் வில்லியத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது ஏற்பாடே வேறு. 1693-இல் திரட்டிய பத்து லட்சம் பவுண்டுக்கு பீர் முதலிய மதுவகைகள் மீதான தீர்வையை 99 ஆண்டுகளுக்கு ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு புதிதாகப் பிறந்த இங்கிலாந்து வங்கி 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்குக் கொடுத்தது. அதற்கு ஒதுக்கியது கப்பல் கொள்ளளவுத் தீர்வையும் மதுத் தீர்வையும். வங்கியின் பங்குகளுக்குப் பணம் போடுவோர் பட்டியல் பன்னிரண்டே நாளில் நிரம்பிவிட்டது. அதில் அரசரும் அரசியும் போட்டது 10,000 பவுண்டு. கடன் வாங்குகிறவர் பெயர் கொடுக்கிறவர் பட்டியலில்! 1698-இல் புதிய கிழக்கிந்தியக் கம்பெனி 20 லட்சம் பவுண்டு கொடுத்து வணிக உரிமை வாங்கியதும் இதே வழியில்தான். அந்த வட்டிக்கு உப்புத் தீர்வையும் சேர்ந்தது.

> ‘வரியொற்றி’ என்றால் என்ன? ஒற்றியிலும் விளைச்சல்தானே வட்டிக்கு ஈடு?

நல்ல யோசனை, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். பிரான்சில் வரிக் குத்தகைதாரர்கள் அரசருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வரியைத் தாங்களே வசூலித்தார்களே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம், அங்கே பயன்படுத்துவோம். இங்கிலாந்தில் மதுத் தீர்வையை 1683 முதல் அரசு அலுவலர்களே வசூலித்தார்கள். கடன் கொடுத்தவருக்கு வட்டி மட்டும்தான் வந்தது.

என் பரிந்துரை: ‘வரிப்பிணைக் கடன்’. பிணை என்றதும் ஜாமீன் நினைவுக்கு வருகிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். வரட்டுமே, நாடாளுமன்றம் நின்றது ஜாமீன்தானே! ‘வரிப்பிணைக் கடன் பத்திரம்’, ‘வரிப்பிணைச் சட்டம்’ என்று நீட்டவும் இடம் கொடுக்கிறது. 

அப்புறம், இதற்கு எதிர்ச்சொல்லும் வேண்டும். கப்பற்படை தன் சப்ளையர்களுக்குக் கொடுத்த சீட்டுகளுக்குக் குறிப்பிட்ட வரி எதுவும் ஒதுக்கப்படவில்லை. சந்தையில் அவை முகமதிப்புக்குக் கீழே கைமாறின. ‘பிணையிலாக் கடன்’ என்பது வங்கிகளில் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. இப்போதைக்கு ‘மிதவைக் கடன்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.