"கய்ஸ்"னா ஆம்பளைங்க மட்டுமா?

கொழிஞ்சாம்பாறை_கிளி:
கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில வேலை, புதுசா வந்த மலையாளி டீம் லீடர் டெய்லி "குட் மார்னிங் கய்ஸ்"ங்கறாரு, டீம்ல முக்காவாசி பொண்ணுங்க. கய்னா ஆம்பளைன்னுதானே படிச்சோம்? எங்கிருந்துங்க வந்துச்சு இந்த வார்த்தை?

வாளையார்_மாமா:
அது ஒருத்தன் பேரு கண்ணு. கய் ஃபாக்ஸ். இங்கிலாந்து ராஜா ஜேம்ஸை பார்லிமென்ட்டோட சேத்து வெடி வச்சு தூக்கப் பாத்த கும்பல்ல ஒருத்தன், 1605 நவம்பர்ல 36 பீப்பா வெடிமருந்தோட மாட்டிக்கிட்டான். அப்பறம் வருசா வருசம் நவம்பர் 5க்கு பழைய துணில வைக்கோல் திணிச்சு பொம்மை செஞ்சு தெருத்தெருவா இழுத்துட்டு போயி கொளுத்துவாங்க, நம்மூர்ல கட்சிக்காரங்க கொளுத்தற கொடும்பாவியேதான், பசங்க அதக் காட்டி காசு வேற கேக்குங்க. பொம்மைக்கே கய்னு பேராயிப்போச்சு, 1800கள்ல கோமாளியாட்டம் துணி போட்டவனையும் அப்படி கிண்டலடிச்சாங்க, அமெரிக்கா போனதும் கிண்டல் போயி சும்மா "ஆளு"ன்னு ஆயிடுச்சு

டென்ட்கொட்டாய்:
அப்ப பந்தலுக்கு இழுத்துக் கட்டற கய் ரோப்?

வாளையார்_மாமா:
அது வேறப்பா, கப்பல்காரங்க வார்த்தை. இவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல

மீனாட்சிபுரம்_மல்லி:
ஒருத்தரைச் சொன்னா இன்னமும் ஆம்பளைதாங்க, கூட்டமா கூப்பிடறப்பதான் எல்லாரும் அடக்கம். நமக்கு நீ, நீங்கன்னு ரெண்டு இருக்கு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் "யூ"தான், அதனால "யூ கய்ஸ்"னு ஒட்டவச்சுக்கிட்டாங்க. அங்கயே சில பொம்பளைங்களுக்கு இது புடிக்கறதில்ல. உங்களுக்கும் புடிக்கலைன்னா அவருகிட்ட நேராவே சொல்லிருங்க, "குட் மார்னிங் டீம்"னா என்ன கொறைஞ்சா போயிருவாரு