மறு: விடுதிக் காசுக்கு முன்னால் அணைக் கணக்கு

சிவம் அண்ணைக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

ஊரில் தரவையோரம், அதுதான் மாரி வெள்ளம் நிற்கிற புல்வெளியோரம், ஆறு அறை விடுதி கட்ட ஆளுக்கு 300 பவுண்ஸ் கேட்ட மடல் கிடைத்தது. போன மாதம்தான் யாழ்ப்பாணத்துத் தீவான எங்கள் வேலணைக்குப் போய் வந்தேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஐயா துலா மிதித்து மிளகாய்க்கு இறைத்த கிணறு, அம்மா தேத்தண்ணி வைத்த தண்ணீர். இப்போது ஒரே சவர். பக்கத்துக் காணியில் வந்த விருந்தினர் விடுதி நாள் முழுக்க மோட்டர் போட்டு இழுக்கிறது என்று குணம் அண்ணை சொன்னார். தீவில் ஆறு ஏது? மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். பிறகு வெங்காயமும் இல்லை, நெல்லும் இல்லை.

சாட்டிக் கடற்கரைக்கு வருகிறவர்களும் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களும் எங்கள் ஊரில் ஒரு இரவு தங்கினால் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அதற்குத் தரவையில் கட்டடம் வேண்டாம். உவர்நிலத்துக் கண்ணா மரப் பற்றையை வெட்டி மண் கொட்டினால் மாரி வெள்ளம் எங்கே போய் நிற்கும்? 1990-91இல் விட்டுவிட்டு வந்த வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! இரண்டைத் திருத்தி, மழைநீர்த் தொட்டி வைத்து, அங்கேயே இருக்கிற குடும்பத்திடம் கொடுப்போம். ஒடியல் கூழும் குரக்கன் புட்டும் அவர்களே சமைத்துக் கொடுக்கட்டும். கேரளத்துக் குமரகத்தில் 2008இல் ஹோட்டல்காரர் மரக்கறியை ஊர்ப் பெண்கள் குழுக்களிடம் வாங்கத் தொடங்கினார்கள். அதுவும் காயலோரத்து வயல் ஊர்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2019இல் உவர்த் தடுப்பு அணைக்குச் சேர்த்த காசு என்ன ஆனது? அணை இரண்டு இடத்தில் உடைந்து கிடக்கிறது. நடந்து பார்த்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். போன கூட்டத்தில் இதைக் கேட்டதற்கு, "ஊருக்கு ஒன்றும் செய்யாதவன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள், சிவம் அண்ணை. அந்த அணைக்கு மண் எடுக்கக் காணி விட்டவர் என் ஐயா. அது உங்களுக்குத் தெரியும்.

கணக்கை இந்தக் குழுவிலேயே போடுங்கோ. அடுத்த நாளே 300 அனுப்புகிறேன், அணைக்கு.

தம்பி ரவி