பிரபஞ்சத்தோட விளிம்ப தாண்டினா அந்தாண்ட என்ன? கப்பல்ல இருந்து ஒரு கேள்வி

கடலோடி77:

வணக்கம் மக்களே. நான் சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசர், ராத்திரி 12 டு 4 வாட்ச் என்னோடது. இப்ப இந்தியப் பெருங்கடல் நடுவுல போயிட்டிருக்கோம், சுத்துமுத்தும் ஒரு லைட்டு கிடையாது, பால்வீதி அப்படியே தலைக்கு மேல கொட்டிக் கெடக்கு. கூட வாட்ச் நிக்கிற பையன் நேத்து கேட்டான், "சார் இதெல்லாம் எங்க போய் முடியுது, முடியற எடத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு"ன்னு. நானும் பெரிய இவன் மாதிரி, பிரபஞ்சத்துக்கு வயசு 1380 கோடி வருஷம், அதனால 1380 கோடி ஒளியாண்டு தூரத்துல முடியுதுன்னு அடிச்சு விட்டேன். அவன் விடல. "சரி சார், அங்க போய் நின்னு கைய நீட்டினா கை எங்க போகும்"ங்கறான். பதில் இல்ல, ரேடார பாக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

நெட்ல தேடினா ஒருத்தன் 4650 கோடி ஒளியாண்டுங்கறான், ஒருத்தன் விளிம்பே கிடையாதுங்கறான், இன்னொருத்தன் அந்தாண்ட வேற பிரபஞ்சம் இருக்குங்கறான். வயசே 1380 கோடி தான்னா ஒளி எப்படிய்யா 4650 கோடி தூரம் வந்துச்சு, கணக்கே இடிக்குது. தெரிஞ்சவங்க எனக்கு புரியற மாதிரி சொல்லுங்க, சாட்டிலைட் நெட்டு, வீடியோ லிங்க் போட்டா ஓடாது.

மொட்டைமாடி:

உங்க வாட்ச் பையனுக்கு மொதல்ல ஒரு சல்யூட் ப்ரோ. அதே கேள்விய கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்னாடி ஆர்க்கிடாஸ்னு ஒரு கிரேக்கர் கேட்டிருக்கார். வானத்தோட கடைசில நின்னு கையையோ கம்பையோ நீட்டினா என்ன ஆகும், நீட்ட முடிஞ்சா அந்தாண்ட இடம் இருக்குன்னு ஆகுது, முடியலன்னா தடுக்கறதுக்கு அங்க ஏதோ இருக்குன்னு ஆகுது, எப்படி பாத்தாலும் அது கடைசி இல்லையேன்னு.

விஷயம் என்னன்னா விளிம்புங்கற வார்த்தைல ரெண்டு சமாச்சாரம் ஒண்ணா மாட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணு நமக்கு தெரியறது எதுவரைக்கும்ங்கறது, இன்னொண்ணு பிரபஞ்சமே எதுவரைக்கும்ங்கறது. நீங்க பிரிட்ஜ்ல நின்னு பாத்தா தொடுவானம் ஒரு 11, 12 நாட்டிகல் மைல்ல இருக்குமா? அதோட கடல் முடிஞ்சுதுன்னு சொல்லுவீங்களா. 4650 கோடி ஒளியாண்டுங்கறது அந்த மாதிரி தொடுவானம் தான், அங்க சுவரும் இல்ல வேலியும் இல்ல. அங்க ஒருத்தன் இருந்தான்னா அவனுக்கு நாம தான் தொடுவானத்துல இருக்கோம், அவனும் நம்ம பக்கம் பாத்து இதுக்கு அந்தாண்ட என்னன்னு கேட்டுட்டு இருப்பான்.

இப்ப உங்க கணக்கு. உங்களுக்கு தண்ணில போற வேகம் வேற, தரைக்கு மேல போற வேகம் வேற இல்லையா, 12 நாட் (knot) வேகத்துல ஓட்டறீங்க ஆனா எதிர் நீரோட்டம் 15 நாட் வேகத்துல இருந்தா என்ஜின் ஓடிட்டே இருக்கும், கப்பல் பின்னாடி போயிட்டே இருக்கும். ஒளிக்கு இருக்கற வேக வரம்பு தண்ணில போற வேகத்துக்கு மட்டும் தான். இங்க தண்ணியே விரியுது, அதுக்கு வரம்பு கிடையாது. நமக்கு வந்து சேர்ற ரொம்ப பழைய ஒளி கிளம்பினப்ப அந்த இடம் நம்ம இருக்கற இடத்துல இருந்து சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தூரத்துல தான் இருந்துச்சு. கோடிய கவனிங்க, வெறும் 4.2. ஆனா நடுவுல இருக்கற வெளி விரிஞ்சுக்கிட்டே போனதால அது வந்து சேர 1380 கோடி வருஷம் ஆச்சு. அதுக்குள்ள கிளம்பின இடம் நகர்ந்து நகர்ந்து 4500 கோடிய தாண்டி போயிடுச்சு. முதல் தடவ இத படிச்சப்ப ரெண்டு நாள் சரியா சாப்பிடல நான்.

யூடியூப்யுவன்:

மொட்டைமாடி அண்ணே சொல்றது ஓகே ஆனா அந்தாண்ட ஏதோ இருக்குன்னு ப்ரூஃபே இருக்கே, டார்க் ஃப்ளோன்னு தேடி பாருங்க. கேலக்ஸி கூட்டம் கூட்டமா ஒரே பக்கமா இழுத்துட்டு போகுது, விளிம்புக்கு வெளிய இருக்கற இன்னொரு பிரபஞ்சம் இழுக்குதுன்னு நாசா ஆளே சொல்லியிருக்கார், ஆனா மறைச்சுட்டாங்க.

சிவனடியான்:

அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில்னு பெரியவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க. வெளிய தேடறத விட்டுட்டு உள்ள தேடுங்க தம்பி, எல்லாம் தெரியும்.

பிசிக்ஸ்வாத்தி:

அடியான் ஐயா, மரியாதையோட சொல்றேன், அதுல எத்தன ஒளியாண்டுன்னு போட்டிருந்தா நானும் குறிச்சுக்குவேன் :) அவர் கேக்கறது வேற.

யுவன் தம்பி, டார்க் ஃப்ளோ யாரும் மறைக்கல. 2008ல காஷ்லின்ஸ்கின்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் அப்படி ஒரு நகர்வு தெரியுதுன்னு பேப்பர் போட்டாங்க, உண்மை தான். அப்புறம் ஐரோப்பாவோட பிளாங்க் சாட்டிலைட் இன்னும் துல்லியமா அளந்துச்சு, 2013ல பிளாங்க் டீம் ரிசல்ட் சொன்னப்ப அப்படி ஒரு நகர்வுக்கு அடையாளமே இல்ல. மொத செய்தி வைரல் ஆச்சு, ரெண்டாவது ஆகல. மறைக்கறதுன்னா இப்ப இப்படித்தான் நடக்குது போல.

கடலோடி சார், நீங்க பாக்கற எல்லை கொஞ்சம் பனிமூட்டம் மாதிரியும் கூட. ஆரம்பத்துல பிரபஞ்சம் கொதிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒளியால நேரா போகவே முடியல, எலக்ட்ரான்ல முட்டி முட்டி திரும்பிச்சு. சுமார் 3.8 லட்சம் வருஷம் ஆனப்புறம் தான் ஆறி, அணுக்கள் சேந்து, மூட்டம் கலைஞ்சுது. எந்தப் பக்கம் பாத்தாலும் கடைசில தெரியறது அந்த மூட்டத்தோட மேல்பரப்பு. அந்த ஒளி இப்ப மைக்ரோவேவா நீண்டு போய், வெப்பநிலை 2.7 கெல்வினா வருது. 1964ல அமெரிக்காவுல நியூ ஜெர்சில பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர் ஒரு பெரிய ஹார்ன் ஆன்டெனாவுல இத புடிச்சாங்க, புடிச்சதே தெரியாம. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல், புறா எச்சம் காரணமா இருக்குமோன்னு உள்ள இறங்கி கழுவி கூட பாத்தாங்க, புறாவையும் துரத்தினாங்க. இரைச்சல் போகல, 1978ல நோபல் பரிசு வந்துச்சு. பழைய ஆன்டெனா டிவில சேனல் இல்லாதப்ப புள்ளி புள்ளியா ஓடுமே, அதுலயும் ஒரு துளி இது தான்.

மூட்டத்துல நீங்க ரேடார் போடுவீங்க இல்லையா. அது மாதிரி ஈர்ப்பு அலைக்கும் (வெளியே அதிர்ற அதிர்வு) நியூட்ரினோவுக்கும் (எதுலயும் அவ்வளவா முட்டாம ஊடுருவி போற குட்டித் துகள்) இந்த மூட்டம் தடையே இல்ல, நியூட்ரினோ எல்லாம் பெருவெடிப்பு முடிஞ்சு சுமார் ஒரு செகண்ட்லயே கிளம்பி வந்துட்டிருக்கு. அவ்ளோ பழைய அலையையும் நியூட்ரினோவையும் நேரடியா புடிக்கற கருவி தான் நம்மகிட்ட இன்னும் இல்ல.

கடலோடி77:

வாத்தியாரே, புறா மேட்டர் பையன்கிட்ட சொன்னேன், ஒரு மணி நேரம் சிரிச்சான். ஆனா ஒண்ணு உறுத்துது. கடல் எங்கயும் முடியலன்னு எனக்கு தெரியும், ஏன்னா பூமி உருண்டை, நேரா போனா கெளம்புன எடத்துக்கே வருவேன். அதுக்காக கடல் பெருசு இல்லன்னு ஆகாது, அளவு இருக்கு, விளிம்பு தான் இல்ல. பிரபஞ்சமும் அப்படி உருண்டையா இருக்கலாமே? பலூன் ஊதற மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்க, பலூன்னா வெளிய காத்து இருக்கு, இது எதுக்குள்ள போய் விரியுது?

பிசிக்ஸ்வாத்தி:

நல்ல கேள்வி சார், இதுக்கு தான் காத்துட்டிருந்தேன். பலூன் உவமைல நிறைய பேர் வழுக்கற எடமும் இது தான். பலூனோட ரப்பர் மட்டும் தான் அங்க பிரபஞ்சம், உள்ள இருக்கற காத்தும் கணக்குல இல்ல, வெளிய இருக்கற ரூமும் கணக்குல இல்ல. விரியுதுன்னா ரெண்டு கேலக்ஸிக்கு நடுவுல அளந்தா தூரம் கூடிக்கிட்டே போகுதுன்னு அர்த்தம், அவ்ளோ தான். எதுக்குள்ளயோ போய் விரியணும்ங்கற அவசியம் கணக்குல எங்கயும் இல்ல.

உருண்டையா இல்லையான்னு வெளிய போய் பாக்க வேணாம், உள்ள இருந்தே அளக்கலாம். கிரேட் சர்க்கிள் கோர்ஸ் போடறவர் நீங்க, உங்களுக்கே தெரியும், வட துருவத்துல இருந்து நிலநடுக்கோட்டுக்கு 90 டிகிரி இடைவெளில ரெண்டு தீர்க்கரேகை இறக்கி ஒரு முக்கோணம் போட்டா மூணு மூலையும் 90, கூட்டினா 270. பேப்பர்ல 180. பிரபஞ்சத்துலயும் இத மாதிரி ஒரு பெரிய முக்கோணம் போட்டாங்க. அந்த பனிமூட்டத்துல லேசா சூடு கொறைஞ்சது கூடினதுன்னு திட்டு திட்டா இருக்கு, அந்த திட்டு எவ்ளோ பெருசா இருந்திருக்கணும்னு இயற்பியல் கணக்கு சொல்லுது, எவ்ளோ தூரத்துல இருக்குன்னும் தெரியும். உருண்டையா இருந்தா அது பெருசா தெரியணும், தட்டையா இருந்தா சுமார் 1 டிகிரி. அன்டார்டிகா மேல பலூன்ல ஒரு கருவிய பறக்க விட்டு (பூமரேங்னு பேரு, ரிசல்ட் வந்தது 2000ல) பாத்தாங்க, 1 டிகிரி தான் வந்துச்சு. பிளாங்க் இன்னும் நெருக்கி அளந்துச்சு, வளைவுன்னு ஒண்ணு இருந்தா கூட ஆயிரத்துல ரெண்டு, மூணு பங்குக்கு மேல இருக்க வாய்ப்பு கம்மி. அப்ப உருண்டையா இருந்தாலும் நமக்கு தெரியற பகுதி அதுல ஒரு சின்ன துண்டு தான், மொத்தம் இத விட பல மடங்கு பெருசா இருக்கணும்.

பாம்புகேம்:

குறுக்க ஒரு விஷயம். தட்டைன்னா முடிவில்லாததுன்னு அர்த்தம் இல்ல. பழைய நோக்கியா போன்ல பாம்பு கேம் ஆடியிருப்பீங்க, வலது பக்கம் போனா இடது பக்கமா வரும், மேல போனா கீழ வரும். திரை தட்டை தான், அளவும் உண்டு, ஆனா பாம்புக்கு விளிம்பே இல்ல. பிரபஞ்சமும் இப்படி இருந்தா வானத்துல ரெண்டு எதிரெதிர் பக்கத்துல ஒரே மாதிரி வட்டம் தெரியணும். கார்னிஷ், ஸ்பெர்கல், ஸ்டார்க்மன், கொமாட்சுன்னு நாலு பேர் இதுக்குன்னே உக்காந்து, அந்த பனிமூட்டத்த டபிள்யூமேப் சாட்டிலைட் எடுத்த படத்த சல்லடையா சலிச்சாங்க, 2004ல பேப்பர் வந்துச்சு, வட்டம் கெடைக்கல. இல்லைன்னு ஆகல, சுத்திக்கிட்டு வர்ற தூரம் ரொம்ப பெருசா இருக்கலாம்.

மொட்டைமாடி:

மத்தபடி வேற பிரபஞ்சம் மேட்டர். 1980 வாக்குல ஆலன் குத்னு ஒரு இயற்பியலாளர் கொண்டு வந்த ஐடியா, ஆரம்பத்துல செகண்டுல கோடி கோடில ஒரு பங்கு கூட இல்லாத நேரத்துல வெளி படு வேகமா உப்பிச்சுன்னு. அப்புறம் லிண்டே மாதிரி ஆளுங்க, அந்த உப்பறது ஒரு எடத்துல நின்னாலும் வேற எடத்துல நிக்காம நடந்துக்கிட்டே இருக்கலாம், நின்ன ஒவ்வொரு எடமும் தனி குமிழின்னு சொன்னாங்க. பக்கத்து குமிழி நம்ம மேல இடிச்சிருந்தா பனிமூட்டத்துல வட்டமா ஒரு தழும்பு இருக்கணும், தேடினாங்க, நம்பற மாதிரி ஒண்ணும் சிக்கல. என் சொந்த கருத்து கேட்டா, தொடுவானத்துக்கு அந்தாண்ட இங்க இருக்கற மாதிரியே கேலக்ஸி, அதுக்கு அந்தாண்டயும் கேலக்ஸி. சலிப்பா தான் இருக்கு, ஆனா எல்லா பக்கமும் ஒரே மாதிரி இருக்கற படம் திடீர்னு நம்ம பார்வை முடியற எடத்துல மட்டும் ஏன் மாறணும்? நாம என்ன அவ்ளோ முக்கியமான ஆளா.

கடலோடி77:

நன்றி எல்லாருக்கும், பிரிண்ட் எடுத்து பையன்கிட்ட குடுத்துட்டேன். கடைசியா ஒண்ணு, கப்பல் முன்னாடி போனா தொடுவானமும் தள்ளி போகும், நேத்து தொடுவானத்துக்கு அந்தாண்ட இருந்தது இன்னைக்கு கண்ணுக்கு தெரியும். பொறுமையா போனா அந்த 4650 கோடிக்கும் போயிடலாம் தானே, வேகமான கப்பல் இருந்தா?

பிசிக்ஸ்வாத்தி:

அதான் முடியாது சார். விரியறது மெதுவாகிட்டு வருதுன்னு தான் எல்லாரும் நெனச்சுட்டிருந்தாங்க, 1998ல ரெண்டு டீம் தூரத்து சூப்பர்நோவாவ (வெடிச்சு சிதறற நட்சத்திரம்) அளந்து பாத்தா விரியற வேகமே கூடிக்கிட்டு இருக்கு. அதனால ஒளி வேகத்துல இன்னைக்கே கெளம்பினாலும் இப்ப சுமார் 1600, 1700 கோடி ஒளியாண்டுக்குள்ள இருக்கறத தான் என்னைக்காவது எட்ட முடியும். கன அளவு போட்டு பாருங்க, நமக்கு தெரியற பிரபஞ்சத்துல 100க்கு 5 பங்கு கூட வராது. மிச்சம் 95ம் நமக்கு வர்றது பழைய ஒளி மட்டும், அந்த துறைமுகத்துக்கு கப்பலே கிடையாது.

கடலோடி77:

இத பையன்கிட்ட சொல்லல. காலைல 4 மணிக்கு வாட்ச் முடியுது, தூங்கட்டும்.