சாலை விதியும் மனசாட்சியும் ஒன்றா?

மகளின் அப்பா:
மகள் எல்எல்ஆர் தேர்வுக்குப் படிக்கிறாள். "இடப்பக்கம் ஓட்டுறதும் விதி, அடிபட்டவரைத் தூக்கி விடுறதும் விதி. என்னப்பா வித்தியாசம்?" என்கிறாள். எப்படி விளக்குவது?

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்:
ஸ்வீடன் கதையைச் சொல்லுங்கள். 1955 வாக்கெடுப்பில் வண்டி ஓட்டும் பக்கத்தை மாற்ற வேண்டாம் என்று மக்கள் பெருவாரியாகச் சொன்னார்கள். ஆனாலும் 1967 செப்டம்பர் 3 அன்று நாடே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறியது. காலை 4.50-க்கு வண்டிகளை நிறுத்தி, மெதுவாக எதிர்ப்பக்கம் நகர்த்தி, 5 மணிக்கு மறுபடி கிளப்பினார்கள். நேற்று வரை சரியானது அன்று முதல் குற்றம். எந்தப் பக்கம் என்பதில் ஒன்றுமில்லை, எல்லோரும் ஒரே பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரத்தம் கொட்டக் கிடப்பவரைத் தாண்டிப் போவதை எந்த நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு நியாயமாக்க முடியும்? பாடம் எடுக்கும்போது இதை நான் விடாமல் சொல்வேன்.

பைபாஸ் ஓரத்து வாசகி:
உண்மைதான். ஆனால் மனசாட்சிக்கும் சட்டத்தின் துணை வேண்டும், சார். எங்கள் பக்கம் விபத்து நடந்தால் சுற்றி நிற்பவர்களுக்கு இரக்கம் இருக்கும். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயமும் இருக்கும். அதற்காகத்தான் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. இதை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

மகளின் அப்பா:
நன்றி. அப்படியானால் உதவாமல் போனால் தண்டனை உண்டா?

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்:
மோதிய ஓட்டுநருக்கு உண்டு. வழியில் போகிறவருக்கு இங்கே கிடையாது. ஜெர்மனியில் அவருக்கும் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். இங்கும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.