பொலிசுக்குச் சொன்னால் பிளேனில் ஏற்றிவிடுவார்களா?

போன வருடம் தை மாதம், விடிய மூன்று மணிக்கு வெள்ளவத்தையில் என் போன் அடித்தது. அக்காவின் மகள், லண்டனில் இருப்பவள். புருஷன் நைட் ஷிப்டுக்குப் போன பிறகுதான் அவளால் வாய் திறக்க முடியும். "சித்தி, கையெல்லாம் கண்டிப்போச்சு. பொலிசுக்குச் சொன்னால் ஹோம் ஆபிஸ் உன்னைப் பிளேனில ஏத்திப்போடும் எண்டு இவர் சொல்லுறார்" என்றாள்.

ஹோம் ஆபிஸ் என்றால் விசா, குடிவரவைப் பார்க்கும் பிரித்தானிய உள்துறை அமைச்சு. புருஷன் பிரித்தானியப் பிரஜை. இவள் போனது மனைவி விசாவில். பக்கத்தில் இருந்த அக்கா போனை வாங்கி "பொறுத்துப் போ பிள்ளை" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

மிரட்டலில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. அடிவாங்கி வந்த பெண்ணின் விவரத்தை அங்கே பொலிஸ் குடிவரவுப் பிரிவுக்குக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பும் லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் 2018இல் இதைப் பெரிய முறைப்பாடாகக் கொண்டுபோயின. இந்தப் பழக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கெடுதல் செய்கிறது என்று அதை விசாரித்து 2020 டிசம்பரில் வந்த அறிக்கையும் சொன்னது. ஆனாலும் தகவல் போவதை முழுதாகத் தடுக்க 2021இல் அரசாங்கம் மறுத்துவிட்டது.

மற்றப் பாதியைப் புருஷன் சொல்லவில்லை. இவளைப்போல மனைவி விசாவில் போனவள், வன்முறையால் உறவு முறிந்தால் தனியே விண்ணப்பித்து அங்கே தங்க மூன்று மாத அனுமதி பெறலாம், அரச உதவிப்பணமும் கேட்கலாம். அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் காசில்லை என்று காட்டினால் கட்டணம் இல்லை.

சரி என்று முதலில் ஒரு பெண்கள் அமைப்போடு பேசவைத்தோம். (உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கத்தைய அவசர எண் 999தான்.) பாஸ்போர்ட்டை அவர் ஒளித்துவைத்திருந்தார், ஆனால் அதன் போட்டோகொப்பி அக்காவின் அலுமாரியில் சேலைக்கு அடியில் கிடந்தது. நாங்கள் நினையாத சிக்கல் வேறு. விசா இப்போது அட்டையில் இல்லை, இணையக் கணக்கில். அந்தக் கணக்கு இருந்ததோ அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் நம்பரில்! அதை மாற்றுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. மூன்று மாத அனுமதி கிடைத்து, இப்போது தனி அறையில் இருக்கிறாள்.

இதைக் கேள்விப்பட்டு, பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் போனது மாணவராகப் போன கணவரோடு. 2024இலிருந்து அப்படிப்பட்டவர்களுக்கும் அந்த மூன்று மாதம் உண்டு, ஆனால் நிரந்தர வதிவிட வழி இல்லை. "பிறகு என்ன செய்யிறது பிள்ளை?" என்றார். லண்டனில் எங்களுக்கு உதவிய சட்டத்தரணியின் நம்பரை எழுதிக்கொடுத்தேன்.