லார்ஜ் ஆல்ஃபபெட்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1
வணக்கம். தகவல் கோட்பாட்டுப் பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். 'லார்ஜ் ஆல்ஃபபெட்'டில் வந்து நிற்கிறேன். ஒரு தரவில் வரக்கூடிய குறிகள் அத்தனையும் சேர்ந்ததுதான் இங்கே ஆல்ஃபபெட். சொற்களாகவோ நிறங்களாகவோகூட இருக்கலாம். 'பெரிய எழுத்துகள்' என்றால் கேப்பிடல் லெட்டர் என்று படிப்பார்கள். 'பெருங்குறிக்கணம்' சரியா?

மடல் 2
நெடுங்கணக்கு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியர் முதல் நூற்பாவிலேயே எழுத்து முப்பது என்று எண்ணிவிடுகிறார், சார்ந்து வரும் மூன்று நீங்கலாக. நாம் 247 வரை விரித்தோம். விரியும் கணத்துக்கு இதைவிட நல்ல பெயர் ஏது? எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரே கணக்காயர்தானே! அப்புறம் கணி, கணியன்... (நீளும். தனி மடலில் எழுதுகிறேன்.)

மடல் 3
> நெடுங்கணக்கு இருக்கும்போது

ஐயா, மாணவர்கள் நீளமான கணக்கு என்று பயந்துவிடுவார்கள். பெருங்குறிக்கணத்திலும் பெரியது குறியா கணமா என்று தெரியவில்லை. 'குறிப்பெருங்கணம்' என்றால் தெளிவு.

மடல் 4
குறிப்பு + எருங்கணம் என்று பிரிப்பார்கள், பாருங்கள். தவிர, கணம் வடசொல். 'குறித்தொகுதி' போதும்.

மடல் 5
தொகுதி என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் கணத்துக்குத் 'தொடை' என்பார்கள். எதுகை, மோனைக்குப் பழகிய காது 'குறித்தொடை'யை ஏற்குமா?

மடல் 6
புணர்ச்சி போதும். பெரிது என்றால் எதைவிடப் பெரிது? 256 குறிகள், தரவின் நீளம் பல கோடி: கணம் சிறிது. அதே 256, நீளம் 100: பெரிது. குறைந்தது 156 குறிகள் ஒருமுறைகூட வந்திருக்காது. அவற்றுக்குச் சுழிய நிகழ்தகவு கொடுத்தால், ஒன்று வந்த அன்றே, நிகழ்தகவை வைத்துத் தரவைச் சுருக்கும் குறிமுறை படுத்துவிடும். கணிதவியலாளர் லாப்லாஸ் வழியில் எல்லாக் குறிகளின் எண்ணிக்கையிலும் ஒன்று கூட்டினாலோ, வராத கூட்டமே 156/356 பங்கைத் தின்றுவிடும். குட்–டூரிங் மதிப்பீடு (1953) வராதவற்றின் பங்கைக் கணிக்கத்தான் ஒரே ஒருமுறை வந்த குறிகளை எண்ணுகிறது. ஆகவே 'பெரு' பாதி உண்மைதான். 'தரவை மிஞ்சிய குறிக்கணம்' என்பேன்.

மடல் 7
நீளமாக இருந்தாலும் பொருள் சரி. அதே பாடத்தில் 'பேட்டர்ன்' வருமே? 'கடகடவென', 'மளமளவென' இரண்டுக்கும் 121234தான். புதிதாக வருவதற்குப் புது எண், மீண்டும் வந்தால் பழைய எண். எந்தக் குறிகள் என்ற பட்டியலைத் தனியே அனுப்பிவிட்டு இந்த எண்வரிசையை மட்டும் குறியாக்கினால், குறிகள் ஒன்றையொன்று சாராமல் வரும் தரவில், கணம் முடிவிலியானாலும், எண்வரிசையில் ஒரு குறிக்கான மிகைச்செலவு (நிகழ்தகவு முன்பே தெரிந்திருந்தால் ஆவதைவிடக் கூடுதலாகும் நீளம்) சுழியத்தை நெருங்கும். 2004-இல் நிறுவிய முடிவு. இதைக் 'கோலம்' என்கிறேன், சண்டை வேண்டாம்.

மடல் 8
நன்றி. நாளை வெள்ளி. இப்போதைக்குப் பெருங்குறிக்கணம், 'தரவின் நீளத்தை ஒப்பிடப் பெரியது' என்று அடிக்குறிப்பு. கோலமும் இருக்கட்டும்.

மடல் 9
இருக்கட்டுமா? கடகட இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது. உங்கள் கோலத்துக்கோ பொருளே தேவையில்லை. எடுத்துக்காட்டையாவது மாற்றுங்கள். 'படபட'வும் வேண்டாம்.